போஸ்ட்கிரெஸுக்கு பேட்ச் போட்டாச்சா? ஓடுற எண்ணைக் காட்டுங்க

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். இந்த நாலு மாதங்களின் இரண்டாவது வியாழனை என் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் மைனர் வெளியீடுகள் (17.1, 17.2 என்று புள்ளிக்குப் பின்னுள்ள எண் மட்டும் மாறுபவை) வரும் நாள் அது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்கள் பெரும்பாலும் அதில்தான் வரும். எங்கள் ஆபீஸில் 11 டேட்டாபேஸ் சர்வர்கள் என் பொறுப்பு. அன்றைக்கே ஓடிப்போய்ப் போட மாட்டேன், அடுத்த வாரச் சனிக்கிழமை ராத்திரிதான்.

சோம்பல் இல்லை. 2024 நவம்பர் 14இல் 17.1 வந்தது. உள்ளே ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு மாறிப்போனதில் டைம்ஸ்கேல்டிபி மாதிரி போஸ்ட்கிரெஸோடு சேர்ந்து ஓடும் எக்ஸ்டென்ஷன்கள் தடுக்கி விழுந்தன. ஒரே வாரத்தில் 17.2 வந்தது. 2025 பிப்ரவரியிலும் 13ஆம் தேதி 17.3, 20ஆம் தேதி 17.4. ஆனால் உங்கள் சர்வர் இணையத்தில் திறந்து கிடந்தால் இந்தப் பொறுமை வேண்டாம். 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு எஸ்கியூஎல் சர்வர்களுக்குள் புகுந்தபோது, மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

நடுவில் கிடைக்கும் நாட்களில் ரிலீஸ் நோட்ஸ் படியுங்கள். மைனர் என்றால் டேட்டாவைத் தொட வேண்டியதில்லை, புது பைனரியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனாலும் சில சமயம் கூடுதல் வேலை ஒளிந்திருக்கும். 2022 ஜூனில் வந்த 14.4 அப்படித்தான்: கன்கரன்ட்டாக (டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல்) கட்டிய இண்டெக்ஸ்கள் கெட்டுப்போயிருக்கலாம், பேட்சுக்குப் பிறகு மறுபடி கட்டச் சொன்னார்கள்.

சனிக்கிழமை முதலில் பேக்கப்பைப் பார்த்துவிடுவேன். பிறகு ஸ்டேண்ட்பை, அதாவது மெயின் சர்வரான பிரைமரியின் நகல். பழைய மைனர் எழுதிய வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் லாக்) ஃபைலைப் புதியது படித்துவிடும், தலைகீழாக நடக்கும் என்று நம்ப முடியாது. அதனால் பிரைமரி கடைசியில்தான்.

பிரைமரியைத் தொடும் முன் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று உட்கார்ந்திருப்பவர்களைத் தேடி எழுப்பிவிடுங்கள். ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரில் (டிரான்ஸாக்ஷன் பூலிங் மோடில்) பாஸ் கொடுத்தால், அதாவது நிறுத்தி வைக்கச் சொன்னால், அது நடக்கிற டிரான்ஸாக்‌ஷன் முடியக் காத்திருக்கும். ஒருவர் கமிட் பண்ணாமல் சாப்பிடப் போயிருந்தால் நீங்களும் காத்திருப்பீர்கள். அடுத்து கையாலேயே ஒரு செக்பாயின்ட். மெமரியில் மாறி இன்னும் எழுதப்படாத அழுக்குப் பக்கங்கள் முன்பே டிஸ்க்குக்குப் போய்விடுவதால் ஷட்டவுன் இழுக்காது. பிறகு பாஸ், ரீஸ்டார்ட், ரெஸ்யூம். யூசருக்கு ஏதோ சில நொடி நெட் மந்தமானதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

இனிமேல்தான் எல்லோரும் ஏமாறும் இடம். பேக்கேஜ் லிஸ்ட் புது எண்ணைக் காட்டும். போஸ்ட்கிரெஸின் கமாண்ட் லைன் கிளையன்ட்டான பிஎஸ்கியூஎல்லிடம் வெர்ஷன் கேட்டால் அதுவும் புது எண்ணையே சொல்லும், ஏனென்றால் அது சொல்வது தன் சொந்த எண். சர்வரோடு கனெக்ட் ஆகி வரும் முதல் வரியைப் பாருங்கள். 'பிஎஸ்கியூஎல் 16.8, சர்வர் 16.6' என்று இரண்டு எண் தெரிந்தால், பழைய புராசஸ் இன்னும் மெமரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே எண் இருந்தால் சரி.

இதெல்லாம் தெரிந்த நானே 2025இல் சறுக்கினேன். அந்த பிப்ரவரியில் 17.3 அடைத்த ஓட்டை சர்வரில் மட்டும் இல்லை, லிப்பிக்யூவின் கோட்டிங் ஃபங்ஷன்களில் (யூசர் தரும் எழுத்தை மேற்கோளுக்குள் பத்திரமாக வைப்பவை) இருந்தது. லிப்பிக்யூ, ஆப் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் கிளையன்ட் பக்க லைப்ரரி. 11 சர்வரும் முடிந்தது என்று மெயில் போட்டேன். செவ்வாய்க்கிழமை டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, "அக்கா, ஆப் கன்டெய்னர்ல லிப்பிக்யூ என்ன வெர்ஷன்?" என்றான். பைத்தானில் போஸ்ட்கிரெஸோடு பேச சைகாப்ஜி2-வின் பைனரி பேக்கேஜ் போட்டிருந்தோம். அது லிப்பிக்யூவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும், சிஸ்டம் அப்டேட் அதைத் தொடாது. சைகாப்ஜியிடம் லிப்பிக்யூ வெர்ஷன் கேட்டால் ஆறு இலக்கத்தில் பதில் வரும், 17.4 என்றால் 170004. எங்களுக்கு வந்தது பழையது. இமேஜ்களை மறுபடி பில்ட் பண்ண இரண்டு நாள்.

பேட்ச் போட்டும் அடையாத ஓட்டையும் உண்டு. 2018 மார்ச்சில் சொன்ன விஷயம்: எல்லோருக்கும் பொதுவான பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் ஃபங்ஷன் உருவாக்கலாம், அடுத்தவர் தெரியாமல் அதை ஓட்டிவிடலாம். அந்த உரிமையை நாமே ரிவோக் செய்ய (பறிக்க) வேண்டும். 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 அதை டிஃபால்ட்டாக மூடியது, ஆனால் புதிதாக உருவாகும் டேட்டாபேஸுக்கு மட்டும். பழையதிலிருந்து அப்கிரேட் ஆகி வந்தவை பழைய உரிமையோடுதான் வரும். எங்கள் 11 சர்வரில் மூன்று அப்படி இருந்தன.