தேவதைக் கதையை எதிர்காலத்தில் வைத்து நாவலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிண்ட்ரெல்லாவை ஒரு விண்வெளி நிலையத்தில் குடியேற்ற விரும்பும் எழுத்தாளர் பெரும்பாலும் பொருள்களைத்தான் முதலில் மாற்றுகிறார். பூசணிக்காய் வண்டி பறக்கும் ஊர்தியாகிறது, எலிகள் ரோபோக்களாகின்றன, தேவதை செயற்கை நுண்ணறிவாகிறாள். ஆனால் அந்தக் கதையை ஓட்டுவது வண்டி அன்று, நள்ளிரவு என்ற கெடு. இரவல் தோற்றம் அதுவரைதான் நிலைக்கும் என்பதால் அவள் ஓடுகிறாள். ஓடுவதால்தான் காலணி நழுவுகிறது. ஆகவே அந்தக் கெடுவுக்கு எதிர்காலத்தில் இணையானது எது என்று முதலில் யோசிக்க வேண்டும். விடிந்ததும் செல்லாததாகிவிடும் போலி அடையாளமாக அது இருக்கலாம். அணிந்திருக்கும் நேரம் கூடக்கூட உடலை நலிவிக்கும் உடையாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, தான் படைத்த தொழில்நுட்பம் கதையின் முடிச்சை அவிழ்த்துவிடுவதைக் கவனியாமல் விடுவது. முகங்களை அடையாளம் காணும் கேமராக்கள் நிறைந்த நகரத்தில் இளவரசன் காலணியோடு வீடு வீடாக ஏறி இறங்கினால் எந்த வாசகரும் நம்பமாட்டார். அன்றைக்கு மட்டும் கேமராக்கள் பழுதாகிவிட்டன என்று எழுதித் தப்பிப்பது இன்னும் மோசம். தடையும் அந்த உலகத்தின் இயல்பிலிருந்தே பிறக்க வேண்டும். எல்லோரும் நாளுக்கொரு முகம் பூண்டு நடமாடும் ஊரில் கேமராவால் பயனில்லை. அணிபவரின் நடையைப் பதிந்துவைத்திருக்கும் காலணி ஒன்றே அங்குச் சாட்சியாகும். அப்போது காலணிக்கு அதன் பழைய வேலை திரும்பக் கிடைக்கிறது.

தமக்குத் தெரிந்த ஒரே வடிவத்தை மூலமென்று நம்புவதும் பலர் செய்யும் பிழை. கண்ணாடிக் காலணியும் பூசணிக்காயும் 1697-இல் வெளிவந்த ஷார்ல் பெரோவின் பிரெஞ்சு வடிவத்தில் உள்ளவை. கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் வடிவத்தில் தேவதையே இல்லை. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் அதில் வந்தமரும் பறவையும் உடை தருகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனக் கதையில் அந்த உதவி மீனின் எலும்புகளிலிருந்து வருகிறது. இம்மூன்றையும் படித்தவருக்கு, சேமித்துவைக்கப்பட்ட தாயின் நினைவுகளே மகளுக்கு உதவுவதாக எழுதலாம் என்ற எண்ணம் தோன்றக்கூடும். எனக்கு அது எந்த ரோபோத் தேவதையையும்விட நெருக்கமாகப்படுகிறது. கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையிலும், 1812-ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் மகள்மேல் பொறாமை கொள்பவள் பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயானாள். எந்த வடிவத்தைத் தேர்கிறோமோ அதற்கேற்ப நாவலின் வலியே வேறாகிவிடும்.

புதிய உலகின் வரலாற்றை முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிட வேண்டாம். வாசகர் கதையை ஏற்கெனவே அறிந்திருப்பதால் சிறு குறிப்புகளே போதும்.

அதே காரணத்தால், கதை முடியும் இடத்திலேயே நாவலையும் முடிக்க வேண்டியதில்லை. தூங்கும் அழகியை உறைநிலை உறக்கத்தில் வைப்பவர்கள் அவள் கண்விழித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பெரோவின் கதையிலோ அரசனும் அரசியும் மட்டும் உறங்கவைக்கப்படுவதில்லை. மகளை முத்தமிட்டுவிட்டு அரண்மனையை விட்டுச் செல்கிறார்கள். நூறு ஆண்டுகள் கழித்து விழிப்பவளின் உடை பழைய மோஸ்தர் என்பதை இளவரசன் கவனித்தும் சொல்லாமல் விடுகிறான். பெற்றோர் இல்லாத, தன் பேச்சும் உடையும் வழக்கொழிந்துபோன காலத்தில் அவள் கழிக்கும் முதல் வாரத்தை எழுத நாவலில்தான் இடம் இருக்கிறது.