லோமே சந்தையில் துணி வாங்கும்போது செய்யும் தவறுகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமே, கானா எல்லையை ஒட்டியே இருக்கிறது. அதனால் முதல் சறுக்கல் பணத்தில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் சேடி, இந்தப் பக்கம் 'சேஃபா' என்கிற சிஎஃப்ஏ பிராங்க். கேமரூனிலும் சேஃபா உண்டு. மதிப்பும் அதேதான், 1 யூரோவுக்கு 655.957. ஆனால் தாள் வேறு. அதை லோமே கடையில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது பெரிய சந்தையான அசிகாமே. கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். முதலில் வணக்கம், நலம் விசாரிப்பு, பிறகுதான் வியாபாரம். இடது கையால் பணம் நீட்டக்கூடாது என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீட்டர் கணக்கும் இங்கே எடுபடாது. 'வேக்ஸ்' எனும் மெழுகுச் சாயத் துணிக்கு அளவு 'பாஞ்'. ஒரு பாஞ் 2 கஜம். 3 பாஞ் சேர்ந்தால் ஒரு முழு உடுப்புக்கான 6 கஜம்.

துணியின் கரையில் 'டச்சு வேக்ஸ்', அதாவது ஹாலந்து துணி, என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்குவதுதான் பலர் ஏமாறும் இடம். அந்த எழுத்தை யாரும் அச்சடிக்கலாம். துணியைப் புரட்டிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயம் தோய்த்த துணியில் இரண்டு பக்கமும் நிறம் ஒரே அழுத்தமாக இருக்கும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் நரம்பு போலச் சாயம் ஓடியிருக்கும். பின்பக்கம் வெளுத்திருந்தால் அது வெறும் அச்சு, 'ஃபேன்சி' ரகம். அதற்கு வேக்ஸ் விலை கொடுக்காதீர்கள்.

இது ஆப்பிரிக்காவின் ஆதித் துணி என்று நினைப்பதும் தவறு. ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பியர்கள் இயந்திரத்தில் செய்தது. அதை இந்த மண்ணின் துணியாக்கியது லோமேயின் மொத்த வியாபாரிப் பெண்கள். எந்தக் கோலம் விலைபோகும் என்று ஹாலந்து ஆலைக்குச் சொன்னவர்கள் அவர்களே. 'என் கணவர் கெட்டிக்காரர்' என்றுகூட ஒரு கோலத்துக்குப் பெயர்! பென்ஸ் கார் வாங்குமளவு சம்பாதித்ததால் 'நானா பென்ஸ்' என்று பெயரெடுத்தார்கள். 1994-இல் சேஃபாவின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது; ஹாலந்து துணி எட்டாத விலைக்குப் போக, பிற்பாடு மலிவான சீனத் துணி சந்தையைப் பிடித்தது.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், எப்போதும் மழை என்று கணக்குப் போடாதீர்கள். கினி வளைகுடாக் கரையில் வறண்ட பகுதி இது. ஆகஸ்டில்கூட மழை குறைவு, காற்று இதம். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹார்மத்தான் காற்று புழுதியோடு வரும், உதடு வெடிக்கும். வெளியே தொங்கும் துணியில் அப்போது நிறம் பார்க்க முடியாது, உதறிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.