சொந்தமாக ஒரு மொழி: முதல் வாக்கியம் வரை

புது மொழி உருவாக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நோட்டை எடுத்ததும் சொற்பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இருநூறு சொல் சேர்ந்த பிறகு பார்த்தால் அது தமிழாகவே இருக்கும். சொற்கள் மட்டும் வேறு. அதனால் ஒலி முதலில், வாக்கிய அமைப்பு அடுத்து, சொற்கள் மூன்றாவது.

ஒலி

ப, த, க, ச, ம, ந, ல, வ வரிசைகளில் எட்டு மெய். அ, இ, உ என மூன்று உயிர். குறைவாகத் தோன்றலாம். 2001-இல் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனா என்ற செயற்கை மொழியிலும் மெய் ஒன்பது, உயிர் ஐந்துதான். அசைக்கு விதி: ஒரு மெய், ஒரு உயிர், வேண்டுமானால் இறுதியில் ன். மொத்தம் 48 அசைகள். ஈரசைச் சொற்கள் மட்டுமே 2,304 வரும்.

விதியைச் சோதிக்க ‘குமார்’ என்ற பெயரை உள்ளே கொண்டுவாருங்கள். நெடில் கிடையாது. ர் இல்லை, அதனால் ல். ல்-இல் சொல் முடியக்கூடாது, எனவே ஓர் உகரம். கிடைப்பது ‘குமலு’. இன்னொன்று: ‘சகு’ என்று எழுதினால் நம் வாய் நடுவில் வரும் ககரத்தைத் தானாக மெலிக்கும். மெலியலாமா கூடாதா என்று இப்போதே எழுதி வையுங்கள். இல்லையென்றால் பத்து நாளில் நீங்களே இரண்டு விதமாகப் படிப்பீர்கள்.

வாக்கியம்

தமிழில் வினை கடைசியில் வரும். இங்கே வினை, எழுவாய், செயப்படுபொருள் என்று வைப்போம். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றும் நகரும்: வினை முதலில் வரும் ஐரிஷ், வெல்ஷ் மொழிகளில் நம் ‘இல்’, ‘கு’ செய்யும் வேலையைப் பெயருக்கு முன் நிற்கும் தனிச்சொற்கள் செய்கின்றன.

பி சுமி லு கவன் தன் மலு
(இறந்தகாலம்) தின் நான் மீன் இல் வீடு
‘வீட்டில் மீன் தின்றேன்.’

‘தின்றேன்’ என்றாலே தின்றது நான் என்று தமிழில் தெரிந்துவிடும். இங்கே வினைக்கு விகுதி இல்லை. ‘லு’வை விட்டால் தின்றது யார் என்றே தெரியாது. தமிழ்ப் பழக்கத்தில் அடிக்கடி நேரும் பிழை இது.

சொற்கள்

இருபது வேர்ச்சொல், நான்கு ஒட்டு போதும். ‘-தி’ ஆளைக் குறித்தால் ‘கவன்தி’ மீனவர். 1887-இல் வெளிவந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் ‘போனா’ நல்ல, ‘மல்போனா’ கெட்ட. ஒரே முன்னொட்டு எத்தனையோ எதிர்ச்சொற்களை மிச்சப்படுத்துகிறது. பொருளைத் தமிழ் அளவில் வெட்டாதீர்கள். நமக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் வேறு வேறு. நெல் விளையாத தீவில் பேசும் மொழிக்கு ஒரே சொல் போதும். ஒவ்வொரு சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள்.

பிறகு எதிர்மறை, கேள்வி, ஏவல் என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். பலரும் திணறுவது ‘நான் தின்ற மீன்’ போன்ற தொடரில். தமிழில் ‘நான் தின்ற’ மீனுக்கு முன்னால் வருகிறது. வினை முதலில் வரும் மொழியில் அதைப் பெயருக்குப் பின்னால் போடுவதே இயல்பு. இணைக்க ‘சி’ என்று ஓர் அசை சேர்த்தால்: கவன் சி பி சுமி லு.