கேம்பிரிட்ஜுக்கு ஒருநாள் பயணம்: செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பச்சியையும் ஆத்தாவையும் அங்கே அழைத்துக்கொள்வது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான். காரைக்குடியில் வெயில் கொளுத்தும் நேரம். அங்கே குளிர் விட்டிருக்கும். வந்த இடத்தில் பல்கலைக்கழக ஊரான கேம்பிரிட்ஜையும் பார்த்துவிடலாம் என்று வழிகாட்டியோடு ஒருநாள் பயணத்துக்குப் பணம் கட்டிவிடுவார்கள். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அங்கே தேர்வுக் காலம். பல கல்லூரிகள் வெளியாரை உள்ளே விடுவதில்லை. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர்.

முடிந்தால் ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "எந்தக் கல்லூரிக்குள் போகப்போகிறோம்? நுழைவுக் கட்டணம் இதில் சேர்ந்ததா?" நடைப்பயணங்களில் பல கல்லூரிகளை வெளியிலிருந்து காட்டுவதோடு சரி. அது ஏமாற்று இல்லை, ஆனால் தெரிந்து போக வேண்டும்.

பல்கலைக்கழகம் என்றால் ஒரு வளாகம், ஒரு நுழைவாயில் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜில் அப்படி ஒரு வாசலைத் தேடக் கூடாது. 1209இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் 31 கல்லூரிகளும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மிகப் பழையது 1284இல் நிறுவிய பீட்டர்ஹவுஸ். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி நேரம், தனிக் கட்டணம். அவை மாணவர்களும் ஆசிரியர்களும் குடியிருக்கும் இடங்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். நம் வளவுக்கு வந்தவர்கள் முகப்பில் உட்காரலாம், சொல்லாமல் இரண்டாம் கட்டுக்குள் நுழைய முடியுமா? அங்கேயும் அப்படித்தான். முற்றத்துப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது. பல கல்லூரிகளில் அது ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. மாடிப்படி திறந்திருக்கிறதே என்று ஏறிவிடவும் கூடாது.

தமிழர்கள் ஏமாந்து திரும்பும் இன்னொரு இடம் டிரினிட்டி. கணித மேதை ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்த கல்லூரி. 1918இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் டிரினிட்டியின் ஃபெல்லோவாகவும் (கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினர்) ஆனார். மரக்கறி உணவுக்காக அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்த அறையைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அவர் தங்கியிருந்த ஹ்யூவெல்ஸ் கோர்ட், பெரிய வாசலுக்கு எதிரே தெருவைத் தாண்டி இருக்கிறது; அது இன்றும் மாணவர் விடுதி. நீங்கள் முயன்று பார்க்க வேண்டியது டிரினிட்டியின் ரென் நூலகம். ராமானுஜனின் கடைசிக் காலக் கணக்குகள் அடங்கிய தாள்கள் 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது அங்கேதான். பார்வையாளருக்குத் திறந்திருக்கும் நேரம் குறைவு. போகிற வாரத்தில் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, மற்ற திட்டத்தை அதைச் சுற்றி அமையுங்கள். நம் பிள்ளைகளை அழைத்துப் போனால் அங்கே நின்று அவர் கதையைச் சொல்லுங்கள். அந்த ஊரில் நமக்கு இதைவிடப் பெரிய இடம் இல்லை என்பது என் எண்ணம்.

வழிகாட்டி சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். குவீன்ஸ் கல்லூரியின் கணிதப் பாலம் என்ற மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்பார்கள். பாலம் கட்டியது 1749இல்; நியூட்டன் இறந்தது 1727இல். டிரினிட்டி வாசலில் நிற்கும் ஆப்பிள் மரமும் நியூட்டன் பார்த்த மரம் இல்லை; அவர் ஊர் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வளர்த்தது.

படகை மாலைக்கு ஒதுக்குவது அடுத்த தவறு. கேம் ஆற்றில் தட்டையான அடிப்பகுதி கொண்ட பன்ட் படகுகளை நீண்ட கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் கிங்ஸ், கிளேர், டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் ஆகிய கல்லூரிகளின் பின்புறத் தோட்டங்களையும் ரென் நூலகத்தையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம். வாசல்கள் அடைத்திருக்கும் தேர்வுக் காலத்தில் இந்த வழிதான் கை கொடுக்கும். மதியத்துக்கு மேல் ஆற்றில் நெரிசல், காலையிலேயே ஏறிவிடுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கப் படகை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தானே தள்ளப் பார்ப்பது பழக்கம் இல்லாதவர்களுக்கு ஆகாது. இருக்கை மிகத் தாழ்வு என்பதால் முட்டிவலி உள்ளவர்கள் ஏறுமுன் படகுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

கிங்ஸ் கல்லூரி தேவாலயத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். 1446இல் தொடங்கிய கட்டடம். விசிறி விரித்தாற்போன்ற அதன் கல் கூரை 1515இல் முடிந்தது. ஆத்தங்குடித் தளத்தையும் தேக்குத் தூணையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கல்வேலை விருந்து. கல்லூரி நடக்கும் பருவ நாள்களில் மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. அப்போது படம் எடுக்கக் கூடாது.

ஒரே நாளில் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் சேர்த்துக் காட்டும் பேருந்துப் பயணத்தில் ஏறாதீர்கள். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் கேம்பிரிட்ஜ் ஏறக்குறைய 50 நிமிடம். 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரத்துக்கான குழுச் சீட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கேம்பிரிட்ஜ் நார்த் என்ற நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். ஊர் நடுவுக்குப் போக கேம்பிரிட்ஜ் நிலையம்தான் வசதி. அங்கிருந்தும் நடுப்பகுதிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும் என்பதால், வயதானவர்கள் இருந்தால் பேருந்து பிடியுங்கள். திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கட்டணம் இல்லாமல் பார்க்கக்கூடிய ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.