இன்வெர்ட்டர் வாங்கும் முன் பத்து நாள்: ஜோஹன்னஸ்பர்க் வீட்டுக்கு ஒரு கரண்ட் கணக்கு

ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாவுக்கு மருமகளாக வந்து 14 வருடம் ஆகிறது. ஊரிலிருந்து புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பிடித்த கையோடு என்னிடம் கேட்பது, "அக்கா, எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?" என்றுதான். பத்து நாளைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பேன். அந்தப் பத்து நாளும் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ப்ரீபெய்ட் மீட்டரில் மீதி எத்தனை யூனிட் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் கரண்ட் எங்கே போகிறது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

முதலில் டோக்கன். கடையிலோ போனிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அடிக்க வேண்டும். மாதத்தின் முதல் டோக்கனில் யூனிட் குறைவாக வந்தால் பதறாதீர்கள், மாதச் சேவைக் கட்டணம் அதில் கழிந்திருக்கும்.

வாடகைக்குப் போகிறவர்கள், முக்கியமாகக் கொல்லைப்புற அறை எடுப்பவர்கள், இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த மீட்டர்களின் டோக்கன் ஒவ்வொன்றிலும், அது 1993 ஜனவரி 1 முதல் எத்தனையாவது நிமிடத்தில் போடப்பட்டது என்ற எண் ஒளிந்திருந்தது. எண்ணுவதற்கு இருந்த இடம் 24 பிட் மட்டுமே. அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் நிமிடம். அது 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்தது. அதற்குள் சாவி மாற்றும் எண்கள் (மீட்டரின் ரகசியக் குறியைப் புதுப்பிப்பவை) இரண்டை அடிக்காத மீட்டர் புதிய டோக்கனை ஏற்காது. எங்கள் பெரியம்மாவுக்குக் கண் சரியில்லை. ஒரு சாயங்காலம் நான் எண்களை வாசிக்க, அவர் பேரன் அடித்தான். கையில் இருந்த பழைய டோக்கனை முதலில், அப்புறம் சாவி எண்கள் வரிசையாக, கடைசியில் புது டோக்கன். தெருவில் இன்னும் நான்கு வயதானவர்களுக்கு இப்படிச் செய்து கொடுத்தோம். பூட்டியே கிடந்த அறையின் மீட்டர் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டுக்காரர் கண் முன்னால் சின்னத் தொகைக்கு ஒரு டோக்கன் போட்டுப் பாருங்கள்.

சரி, பத்து நாள் நோட்டு என்ன காட்டும்? கீசரைத்தான். 150 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் கம்பி. ஜூலைக் குளிரில் 15 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 8 யூனிட் வேண்டும், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாள் முழுக்கப் போட்டு வைத்தால், ஆறுவதும் மறுபடி சூடாவதுமாக அதற்கு மேலும் போகும். அதனால் இன்வெர்ட்டருக்கு முன்னால் கீசருக்கு ஒரு டைமர் வையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மின்பெட்டியிலேயே மாட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் விடியற்காலை இரண்டு முதல் ஐந்து வரைதான் ஓடும். மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து மீட்டரைப் பார்த்தவர், தங்கை வீட்டுக்கும் ஒன்று மாட்டச் சொன்னார். 60 டிகிரிக்குக் கீழே குறைத்து வைக்காதீர்கள், வெதுவெதுப்பான தொட்டியில் கிருமி வளரும்.

இரவில் ஓட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 குளிர்காலத்தில் நகர மின் நிறுவனமான சிட்டி பவர், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு, எல்லாரும் ஒரே சமயம் கரண்ட் எடுக்கும் நெரிசல் நேரத்தில் கரண்ட்டை முழுதாக நிறுத்தாமல் அளவைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த அளவைத் தாண்டினால் மீட்டர் வீட்டை அணைத்துவிடும். இரண்டு மூன்று பல்பும் டிவியும் தாங்கும். கீசர், கெட்டில், அடுப்பு தாங்காது. தெரு முழுக்க இருண்டு கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்பெட்டியில் கீசர் சுவிட்ச் எது, அடுப்பு சுவிட்ச் எது என்று தமிழில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். 2023 மாதிரி தினமும் இரண்டு மூன்று முறை போகும் நிலை இன்று இல்லை. 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, நின்றது, 2025 தொடக்கத்தில் சில நாள் திரும்பி வந்தது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று போகத்தான் செய்கிறது. கணக்கு இதுதான்: இணையப் பெட்டிகள் 20 வாட், ஆறு பல்பு 54, ஃபிரிட்ஜ் சராசரியாக 60, டிவி 100. மொத்தம் 234 வாட். நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தக் கணக்குத் தெரியாமல் 2019இல் நாங்கள் ஏமாந்தோம். ஒரு கடைக்காரர் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் (ஈய) பேட்டரியைத் தலையில் கட்டினார். அட்டையில் 1.2 யூனிட். ஆனால் லெட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். கையில் கிடைப்பது 0.6 யூனிட்தான், மூன்று மணி நேரம்கூட வராது. நாங்கள் தினமும் அடிவரை உறிஞ்சினோம், ஒரு வருடத்தில் செத்தது. மகளின் பரீட்சைக்கு முந்திய இரவு மெழுகுவர்த்திதான். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தாராளமாக எடுக்கலாம். விலை அதிகம்தான், இருந்தாலும் அதையே வாங்குங்கள். 2 யூனிட் அளவு போதும்.

மாட்டியவரிடம் மின் இணக்கச் சான்றிதழ் கேட்டு வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். தீ பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் கேட்கும். பின்னால் கூரையில் சோலார் போட்டு நகரக் கம்பியோடு இணைப்பதானால் தனியாகப் பதிவும் செய்ய வேண்டும். கம்பியைச் சரிசெய்ய வருபவர் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைக்கும் நேரத்தில் உங்கள் கூரையிலிருந்து பாயக்கூடாது அல்லவா?

போனில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லும் எஸ்கோம்செபுஷ் செயலியைப் போட்டு, வீடு, பிள்ளைகளின் பள்ளி, வேலையிடம் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். கரண்ட் போனால் ரோபோவும் போகும். இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர். அணைந்த ரோபோவில் நான்கு பக்கமும் நின்றுதான் போக வேண்டும், கோட்டுக்கு முதலில் வந்தவருக்கு முதல் வழி. அன்றைக்கு அரை மணி முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

பத்தாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். காபி போட்டு வைக்கிறேன், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.