பணம் புழங்கும் எழுத்துத் துறையைப் பிடிப்பது எப்படி?

நிறுவனங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறீர்களா? எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதித் தருவேன் என்பவருக்குப் பெரும்பாலும் குறைந்த தொகைதான் கிடைக்கும். ஒரு துறையைப் பிடியுங்கள். பிடித்த துறை என்பது மட்டும் போதாது, அங்கே பணம் புழங்க வேண்டும். கணக்குப் பார்க்கும் மென்பொருள் விற்கும் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு வாடிக்கையாளர் சேர்ந்தால்கூட அவர் மாதாமாதம் சந்தா கட்டுவார், பிடித்துப்போனால் வருடக்கணக்கில் கட்டுவார், அதனால் அந்தக் கட்டுரைக்கு நல்ல தொகை கொடுப்பது அவர்களுக்குச் சுமையே இல்லை. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் தளங்களுக்கு அது கஷ்டம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரதாரர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் கீவேர்ட் பிளானர் என்ற கருவியில் அந்தத் துறைச் சொற்களைப் போட்டு, விளம்பரத்தில் விழும் ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். விலை ஏறிக் கிடந்தால் அங்கே செலவழிக்க ஆள் இருக்கிறார்கள். அப்புறம் லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனங்கள் கன்டென்ட் மேனேஜர்களை, அதாவது கட்டுரைகள் போன்றவற்றைக் கவனித்துக்கொள்பவர்களை, வேலைக்கு எடுக்கின்றனவா என்று தேடுங்கள், என்னைக் கேட்டால் இதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

உங்கள் பழைய வேலையில் கிடைத்த அனுபவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நர்ஸாக இருந்தவர் மருத்துவம் பற்றி எழுதும்போது வரும் நம்பகத்தன்மை வெறும் கூகுள் தேடலில் வராது. துறை முடிவானதும் இரண்டு மூன்று மாதிரிக் கட்டுரைகளை எழுதி, நேரடியாக நிறுவனங்களுக்கு அனுப்பத் தொடங்குங்கள்.