கூண்டிலிருக்கும் விலங்கை எப்படிக் கவனிப்பது

மிருகக்காட்சி சாலைக்குப் போனால் எல்லாக் கூண்டுகளையும் சுற்றிவர மாட்டேன். ஒரே விலங்கின் முன்னால் அரை மணி நேரமாவது நிற்பேன். அடைபட்ட வாழ்க்கை அதை எப்படிப் பாதிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

எந்த விலங்கு என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காட்டில் அது எவ்வளவு தூரம் அலையும் என்று படித்துவிட்டுப் போவது நல்லது. வேட்டையாடும் விலங்குகளில் பனிக்கரடி போல வெகுதூரம் அலைபவைதான் கூண்டில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அதிகம் நடைபோடுகின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் சாகின்றன என்று ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் காட்டினார்கள்.

முதலில் கால்களைப் பாருங்கள். ஒரே தடத்தில் போய் வருகிறதா? ஒரே இடத்தில், தலையை ஒரே மாதிரி வெட்டித் திரும்புகிறதா? விலங்கு தூங்கினாலும், புல் தேய்ந்து மண் தெரியும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அடைபட்ட யானை நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடலாம்; அதுவும் இதே போன்ற பாதிப்புதான். தயவுசெய்து அதைப் பிள்ளைகளிடம் "டான்ஸ் ஆடுது பார்" என்று காட்டாதீர்கள்.

அப்புறம் நேரத்தைக் குறியுங்கள். தீனி வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் நடை கூடுவது எதிர்பார்ப்பாக இருக்கலாம். தின்று முடித்த பிறகும் ஓயாமல் நடந்தால்தான் எனக்குக் கவலை.

இப்படி ஏன் நடக்கிறது? மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற பகுதி இருக்கிறது. ஒரு செயலைத் தூண்டும் பாதையும் அடக்கும் பாதையும் அதன் வழியாகப் போகின்றன. இரண்டுக்கும் இடையே சமநிலை குலைவதைத்தான் இந்த ஓயாத நடையோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். நீண்டகால மன அழுத்தம் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்புக் கிளைகளைச் சுருக்குகிறது. துணையும் விளையாட்டுப் பொருளும் கிடைத்த எலிகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு), வெறுங்கூண்டில் தனியே வளர்ந்தவற்றைவிடத் தடித்திருந்ததை மூளை ஆய்வாளர் மரியன் டயமண்டின் குழு 1964இல் அளந்து காட்டியது. இதில் பெரும்பகுதி எலி போன்ற ஆய்வக விலங்குகளிடம் கண்டது. யானைக்கும், நீர்த்தொட்டியில் வைக்கப்படும் ஓர்கா என்ற கொலைத் திமிங்கிலத்துக்கும் அதிலிருந்துதான் ஊகிக்கிறோம்.

பார்த்து முடித்ததும் பராமரிப்பாளரிடம் பேசுங்கள். தீனியைத் தேடி எடுக்கும்படி ஒளித்து வைக்கிறார்களா, பார்வையாளர் கண்ணில் படாமல் ஒதுங்க இடமுண்டா என்று கேளுங்கள். அந்த விலங்கு முன்பு எங்கே இருந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பழைய கூண்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம் நல்ல இடத்துக்கு வந்த பிறகும் தொடரலாம். அதற்கு இப்போது பார்த்துக்கொள்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

குறிப்புகளைத் தேதியும் நேரமும் போட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அடுத்த முறை வேறொரு நேரத்தில் போய், அதே விலங்கைப் பாருங்கள்.